நீ தள்ளிவைத்த மூன்று அலைகள்

முத்து,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நலமாக இருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். நலமில்லாமல் இருப்பது நான்தான். செவ்வாய்க்கிழமை தபால் ஜீப்பில் உன் கடிதம் வந்தது. இன்று சனிக்கிழமை. நடுவில் நான்கு தடவை பதில் எழுத உட்கார்ந்து நான்கையும் கிழித்துப் போட்டேன். இந்த மாதக் கடைசியில் அறிக்கையில் உன் பெயருக்கு மேல் கையெழுத்திட்டு ஒப்புப் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். மலையிலிருந்து இறங்கி உன் கைக்கு வர ஒரு கடிதத்துக்கு ஐந்து நாளாகும், மழை பிடித்துக்கொண்டால் ஏழு. விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டேன், இது இன்றைக்கே போக வேண்டும். தந்தி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ‘மூன்றையும் சேர்’ என்று எழுதி நீட்டினால் போஸ்ட்மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்ப்பார், நீயும் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பாய். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே. நான் பேச ஆரம்பித்தால் நடுவிலேயே ‘சரிம்மா’ என்று எழுந்து போகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்ட வகையில் திருப்பிச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. வானத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள் கடலைப் பார்த்து ரேடாரைத் தட்டி அனுப்புகிறது. கடல் அமைதியாக இருந்தால் எதிரொலி வெட்டினாற்போல் திரும்புகிறது. கொந்தளித்தால் அலையின் தலையில் பட்டது முந்தியும் பள்ளத்தில் பட்டது பிந்தியும் வந்து, இழுபட்டுத் திரும்புகிறது. எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு உயரம் அலை. இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எதிரே இருக்கும் மொட்டைப் பாறையைப் பார்த்துக் கூவினால் குரல் அப்படியே திரும்பி வரும், சோலைக்காட்டைப் பார்த்துக் கூவினால் மசமசவென்று வரும், அதுதானே. அந்தச் செயற்கைக்கோளும் சில மாதம்தான் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது. வேலை செய்த காலத்திலும் கடலின் மேல் ஒரு கோடு போட்டாற்போல் போகும், அதே இடத்துக்குத் திரும்பி வரச் சில நாளாகும், இடையில் ஒரு புயல் வந்து போனாலும் அதற்குத் தெரியாது. இந்தக் கொஞ்ச அளவை வைத்துக்கொண்டு, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய அலை எவ்வளவு பெரியது என்று நீ சொல்ல வேண்டும். நீ சொல்கிற உயரத்தைப் பார்த்துத்தான் கடலுக்குள் இரும்புக்கால் ஊன்றி நிற்கப்போகும் மேடைக்குத் தரை போடுவார்கள். அந்தத் தரையில் ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுவார்கள்.

கடைசியில் ஒரே வரியில், மூணாறு சந்தைக்குப் போய்வருகிற மாதிரி, மேடை எழும்பியதும் வருகிற முதல் மழைக்காலத்துக்கு நீயே அங்கே போய் அலை அளக்கும் கருவியோடு தங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாமா என்று கேட்டால் ஒரு பக்கம் எழுதுகிறாய், இதற்கு ஒரு வரி. இருந்தாலும் என்னை உட்காரவிடாமல் அடித்தது அந்த வரியும் இல்லை, அதற்கு முந்திய பத்தி. ‘மூணு புள்ளி மட்டும் நம்ப முடியாத அளவுக்குப் பெருசா இருக்கும்மா. அந்த நேரத்துல அங்க பலத்த மழை. மழையில எதிரொலி கெட்டிருக்கும்னு எங்க ஆபீஸ் பெரியவர் தள்ளிவைக்கச் சொல்லிட்டார். தள்ளினதும் மத்ததெல்லாம் ஒரே கோட்டுல வந்து கணக்கு அழகா நிக்குது’ என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்தி. அழகா என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

உன் அப்பா போனபோது உனக்கு ஆறு வயது. டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கம் நின்ற மனிதர், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டார். துரை இரக்கப்பட்டு எனக்கு டிஸ்பென்சரியில் வேலை போட்டுக் கொடுத்தார். ஊரெல்லாம் நர்சம்மா என்று கூப்பிட்டது. நான் படித்தது எட்டாவது, கற்றுக்கொண்டது கட்டுப் போடவும் ஊசியைக் கொதிக்க வைக்கவும். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் மழை அளப்பது. டிஸ்பென்சரி முற்றத்தில் செம்பு நிறத்தில் ஒரு டப்பா, அதன் தலையில் புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் கிளாசில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு கிளாஸ் நிறைந்தால் அரை அங்குலம். மாதக் கடைசியில் நோட்டு பெரிய ஆபீசுக்குப் போகும். நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாலும் எட்டரைக்குக் கை கழுவிவிட்டு ஓடுவேன்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள் பதினோரு அங்குலம் பெய்தது. அளந்ததை அளந்தபடி எழுதி அனுப்பினேன். நோட்டு சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது, கூடவே ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள். செக்ரோல் வருகைப் பதிவுக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் பெரிய கிளார்க் கேட்டார். ‘என்ன நர்சம்மா, ஆகாசம் ஓட்டையாயிருச்சா? எந்தப் பய வாளித் தண்ணிய ஊத்துனானோ. ஊசி குத்துற கைக்கு மழை அளக்கத் தெரியுமா?’ எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ‘ஏழுன்னு போட்டுக் கொண்டாங்க, பாக்க லட்சணமா இருக்கும்’ என்றார். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், உனக்குத் தெரியும். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி யார் வீட்டு வாசலில் போய் இறங்குவது? அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். அதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள், சொன்னவர் அவர்.

இரண்டு வருஷம் கழித்து ஆடியில் அந்த மழை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள், நீ டிஸ்பென்சரி ஜன்னலில் உட்கார்ந்திருந்தாய். மத்தியானமே பாட்டில் நிறைந்து வெளி டப்பாவுக்கு வழிந்தது. அப்போதே ஒரு தடவை எடுத்து அளந்து வைத்தேன். மறுநாள் எட்டரைக்கு மிச்சத்தை அளந்தேன். நான் ஊற்ற ஊற்ற நீ எண்ணினாய். எல்லாம் சேர்த்து இருபத்தொன்பது கிளாஸ், பதினாலரை அங்குலம். பேனாவைத் திறந்தேன். அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. இந்தத் தடவை யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை முத்து, ஆபீசிலிருந்து ஆள் வரவில்லை, சிவப்பு மை இல்லை. நானாகவே ஒன்பது என்று எழுதினேன். ‘இருபத்தொம்போது கிளாஸ் இல்லம்மா?’ என்று நீ கேட்டாய். ‘சும்மா கெட, பெரியவங்க வேலைல தலையிடாத’ என்று உன் காதைத் திருகினேன். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இந்த நான்கு நாளாக வேறு நினைவில்லை. நம்ப முடியாதது வந்தால் தள்ளிவைக்க வேண்டும் என்று உனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது உன் பெரியவர் இல்லை.

அடுத்த வருஷம் ஆற்றுக்கு மேல் பாலம் கட்ட ஓர் என்ஜினீயர் வந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரர், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசுவார். அதுவரை அக்கரைத் தேயிலைக்காட்டுக்குப் போக இரண்டு மரத்தைத்தான் போட்டு வைத்திருந்தார்கள். அவர் நோட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். ‘ஏனுங்க சிஸ்டர், இதுல இருக்கறதுல பெருமழை எதுங்க?’ என்றார். ஒன்பது என்றேன். ‘அதுக்கு மேல பேஞ்சதே இல்லீங்களா?’ நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் நோட்டில் பொய் எழுதியவள் என்று ஆகும், வேலை போகும். ‘நோட்டுல இருக்கிறதுதாங்க’ என்றேன். ‘சரிங்க, அதுக்கு மேல கொஞ்சம் சேத்தியே வெக்கறனுங்க. உங்க நோட்ட நம்பித்தான் போடறன்’ என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் ஒன்பதுக்கு மேல்தான் கொஞ்சம் சேர்த்தார். பதினாலரைக்கு மேல் அல்ல.

மிச்சத்தில் பாதி உனக்குத் தெரியும். பேச்சி அத்தையை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் போனவள். பாலம் வந்து நாலு வருஷம் கழித்து, நீ மதுரை ஹாஸ்டலில் இருந்தபோது, அதே மாதிரி ஒரு மழை. மத்தியானம் மூன்று மணிக்கு அக்கரையிலிருந்து பெண்கள் திரும்பினார்கள். தண்ணீர் பாலத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு போகிறது, கூட வந்தவர்கள் தயங்கி நின்றிருக்கிறார்கள். ‘ரெண்டு மரமா இது? கணக்குப் போட்டுக் கட்டுன பாலம்ல, வாங்கடி’ என்று சொல்லிவிட்டு பேச்சி முன்னால் நடந்தாள். மேலே இருந்து ஒரு மரம் வேரோடு வந்து மோதியது, தண்ணீர் பாலத்துத் தரைக்கு மேல் ஏறியது, பாலம் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். டிஸ்பென்சரியில் அவளைத் துடைத்துச் சேலை மாற்றிவிட்டது நான். நீ மதுரையிலிருந்து வந்து, விதி என்று நான் சொன்னதைக் கேட்டு, என் மடியில் படுத்து அழுதாய். உன் தலையைத் தடவிக்கொண்டே விதி விதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு என்னை நீ என்ன நினைத்தாலும் சரி.

இரண்டு மரமாக இருந்த காலத்தில் அப்படி மழை பெய்தால் யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள், அக்கரையிலேயே ஒதுங்கி நிற்பார்கள். பயம் அவர்களைக் காப்பாற்றியது. கணக்கு வந்ததும் பயம் போய்விட்டது. உன் மேடையிலும் அப்படித்தான் இருக்கும். கடல் பொங்குவதைப் பார்த்து எவனாவது பயந்தால் இன்னொருவன் தோளைத் தட்டி, நூறு வருஷ அலைக்குக் கணக்குப் போட்டு வைத்த தரை என்று சொல்லுவான். அவன் சொல்வது உன் ஒப்பைப் பற்றி.

எனக்கு உன் படிப்பில் கால்வாசி தெரியாது. அந்த மூன்று புள்ளிகள் மெய்யென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன் பெரியவர் சொல்கிற மாதிரி மழையால் கெட்டுப் போனதாகவே இருக்கலாம், அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் யோசி. மழை பெய்கிற இடத்தில் எடுத்த அளவையெல்லாம் கெட்டுப்போனது என்று தள்ளிக்கொண்டே வந்தால், புயலையும் சேர்த்துத்தானே தள்ளுகிறாய்? பெரிய அலை வேறெங்கே இருக்கும், வெயிலடிக்கிற கடலிலா? சில மாத அளவில், அதுவும் கோடு போட்டாற்போல் போன ஒன்றின் கண்ணில், மூன்றே மூன்று தடவை பட்டிருக்கிறது. படாமல் போனது எத்தனையோ. பட்ட மூன்றையும் நீ அழித்துவிட்டால் நூறு வருஷத்தைப் பற்றி எதை வைத்துப் பேசுவாய்? என் நோட்டில் ஏழும் ஒன்பதும் அழகாகத்தான் இருந்தன. ஒன்றுகூடக் கோட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

அவற்றை அப்படியே நம்பு என்று கேட்கவில்லை. இருந்தன என்று எழுது. இந்த நாளில், இந்த இடத்தில், இவ்வளவு உயரம் வந்தது. மழை காரணமாகச் சந்தேகம் இருக்கிறது. சேர்க்காவிட்டால் நூறு வருஷ அலை இவ்வளவு, சேர்த்தால் இவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. பிறகு தரையை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் இரண்டையும் பார்த்துச் செய்யட்டும். சித்தூர்க்காரரிடம் நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும்: ‘நோட்டுல ஒன்பது, நான் அளந்தது பதினாலரை’. ஒரு வாக்கியம். உன் பெரியவர் கோபிப்பார், சிரிப்பார், உன்னைக் கற்றுக்குட்டி என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார். சொல்லட்டும். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், லேசில்லை. வேலையே போனாலும் இங்கே வா, வட்டவடையில் பூண்டு நட்டாவது பிழைத்துக்கொள்ளலாம்.

நேற்று சாயங்காலம் இருளப்பண்ணனைப் பார்க்கப் போனேன். மனைவி பேச்சி போன பிறகு அவர் கடைசி லயத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அவரிடம் சொல்லாமல் உன்னிடம் மட்டும் சொன்னால் அது ஒளிந்துகொண்டு சொல்வது என்று தோன்றியது. வட்டவடையில் கட்டிக்கொடுத்த மகள் அனுப்பிய பூண்டை வாசலில் பரப்பிச் சருகு நீக்கிக்கொண்டிருந்தார். ‘வாங்க நர்சம்மா’ என்று முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தார். உட்காராமலே சொன்னேன். பதினோரு அங்குலத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. ஏசுவார், எழுந்து உள்ளே போய்விடுவார், முறத்தைத் தூக்கி எறிவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

கையிலிருந்த பூண்டின் சருகை நீக்கிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். ‘மழைய சரியா எழுதியிருந்தா பாலத்த எம்புட்டு ஒசத்தி வச்சிருப்பாக?’

எனக்குத் தெரியவில்லை. ‘மூணடி இருக்கலாம்ண்ணே’ என்றேன்.

எழுந்தார். நிலைப்படியை ஒட்டி நின்று, தரையிலிருந்து கையை மெல்ல மேலே கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தினார். ‘இம்புட்டா?’

‘அம்புட்டுத்தான்.’

கையை எடுக்காமல் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘பேச்சி இடுப்பு ஒசரம்’ என்றார். பிறகு உட்கார்ந்து பூண்டை எடுத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது போயிட்டு வாங்க என்று சொன்னாரா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை.

முத்து, அந்த மூன்றையும் சேர்த்தால் மேடையின் தரை இன்னும் எவ்வளவு உயர வேண்டியிருக்கும் என்று நீ எழுதவில்லை. போட்டுப் பார்த்தாயா? போடாவிட்டால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போடு. அதில் நிற்கப் போகிறவர்களில் நீயும் ஒருவன். உன் ஆபீசிலிருந்து யாரோ ஒருவர் இந்த மலையேறி வந்து என் வாசலில் நின்று, நான் அவரிடம் எவ்வளவு உயரம் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லத் தரையிலிருந்து கையைத் தூக்கிப் பார்க்கிற நாள் எனக்கு வேண்டாம். மூன்றையும் எழுதிவிட்டு ஒப்புப் போடு.

உன்
அம்மா